4. தொட்டியும் தெருவிளக்கும் தீர்மானப் புத்தகமும்

கிராம சபையில் ஒரு பெண் எழுந்து, "தண்ணி சரியா வர்றதில்லீங்க" என்று சொன்னால் எல்லா ஊரிலும் கிடைக்கும் பதில் ஒன்றுதான்: "பாத்து செஞ்சுடுவோம்மா, உக்காருங்க." அதே பெண் இப்படிக் கேட்டால்? "போன மாசம் அஞ்சாந்தேதியும் இருபதாந்தேதியும் தெக்குத்தெரு தொட்டியைக் கழுவினதா தொட்டியில எழுதியிருக்கு. அந்த ரெண்டு நாளும் காலையிலயும் சாயங்காலமும் வழக்கம்போல தண்ணி வந்துச்சு. எந்த நேரத்துல தொட்டியை இறக்கிக் கழுவினீங்க? யார் மேல ஏறினது?" இதற்குப் "பாத்துக்கலாம்" என்று பதில் சொல்ல முடியாது. ஒரு நேரமும் ஒரு பெயரும் வந்தாக வேண்டும். அல்லது பதிவேடு வெளியே வந்தாக வேண்டும்.

இந்த அத்தியாயம் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியைப் பற்றியதுதான். ஊராட்சி செய்யும் பணிகளைக் கண்காணிப்பதற்குச் சட்ட அறிவு கொஞ்சம் போதும். குழாயடியிலும் விளக்குக் கம்பத்தடியிலும் நாமே எடுத்துவைக்கும் குறிப்புதான் அதிகம் வேண்டும். ஊராட்சியின் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு பதிவேடு உண்டு. உங்கள் குறிப்பை அந்தப் பதிவேட்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேள்வி கேட்க வேண்டும். வார்டு உறுப்பினருக்கும் இதுதான் வழி, சாதாரண வாக்காளருக்கும் இதுதான் வழி.

சட்டத்தில் தெரிந்திருக்க வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. அதை ஒட்டி வந்தது தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994. அதன் 110-வது பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்தாக வேண்டிய வேலைகளைச் சொல்கிறது: ஊராட்சிச் சாலை, தெருவிளக்கு, சாக்கடை, தெருச் சுத்தம், பொதுக் கழிப்பறை, சுடுகாடு இடுகாடு, குடிநீர். "விருப்பம் இருந்தால் செய்வோம்" என்று தலைவர் சொல்லக்கூடிய பட்டியல் அல்ல இது. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் கிராம சபையின் உறுப்பினர்கள். மாவட்ட ஆட்சியர்தான் சட்டப்படி ஊராட்சிகளின் ஆய்வாளர். இவ்வளவு தெரிந்தால் போதும், வேலையைத் தொடங்கலாம்.

தண்ணீர்

ஊராட்சியின் வேலைகளில் தண்ணீரைத்தான் முதலில் எடுக்கச் சொல்வேன். தினமும் எல்லா வீட்டையும் தொடுவது அதுதான். அளப்பதற்கும் எளிது.

2019 ஆகஸ்ட் 15-ல் அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டம், ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று அளவு வைத்திருக்கிறது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 220 லிட்டர். பிளாஸ்டிக் குடம் ஒன்று 15 லிட்டர் பிடிக்கும் என்று வைத்தால், கிட்டத்தட்ட 15 குடம். இப்போது கைப்பேசியில் நேரம் பார்த்து, உங்கள் வீட்டுக் குழாயில் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறியுங்கள். இரண்டு நிமிடம் என்றால் அரை மணி நேரம் தண்ணீர் விட்டாலே அந்த அளவு கிடைத்துவிடும். நான்கு நிமிடம் என்றால் ஒரு மணி நேரம் வேண்டும். தெருவின் தலைமாட்டு வீடு ஒன்று, நடு வீடு ஒன்று, கடைக்கோடி வீடு ஒன்று என மூன்று வீடுகளில் ஒரு வாரம் இதைக் குறித்தால் உங்கள் தெருவின் உண்மை நிலவரம் ஒரு நோட்டுப் பக்கத்தில் வந்துவிடும். இதைப் பெரும்பாலும் பெண்களே செய்ய முடியும். குழாயடியில் நிற்பவர்கள் அவர்கள்தானே. சுயஉதவிக் குழுவில் ஒருவர் பொறுப்பெடுத்தால் வேலை தொடர்ந்து நடக்கும்.

அடுத்தது தொட்டி. மேல்நிலைத் தொட்டியை மாதம் இருமுறை கழுவ வேண்டும். வழக்கமாக 5, 20 தேதிகள். கழுவிய நாளையும் அடுத்துக் கழுவ வேண்டிய நாளையும் தொட்டியிலேயே பெயின்டில் எழுத வேண்டும். நான் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் அந்த எழுத்தைத்தான் பார்ப்பேன். வெயிலில் வெளுத்து, மாதமே தெரியாமல் போன தேதி நிறையச் சொல்லிவிடும்.

குளோரின் கணக்கும் கடினமானதல்ல. 1,000 லிட்டருக்கு 4 கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் ஊராட்சிகளில் பின்பற்றும் அளவு. 30,000 லிட்டர் தொட்டி என்றால் ஒரு தடவைக்கு 120 கிராம். தினம் இரண்டு தடவை நிரப்பினால் 240 கிராம். மாதத்துக்கு ஏழேகால் கிலோவுக்குச் சற்றுக் குறைவு. ஆக, 25 கிலோ மூட்டை ஒன்று மூன்று மாதத்துக்கு மேல் வர வேண்டும். இருப்புப் பதிவேட்டில் அந்த ஒரு தொட்டிக்கு மாதம் ஒரு மூட்டை வாங்கியதாக இருந்தால் கேள்வி கேட்க இடம் இருக்கிறது. ஆனால் கேட்பதற்கு முன் இதையும் யோசியுங்கள்: வாய் திறந்து கிடக்கும் மூட்டையில் பவுடரின் வீரியம் சீக்கிரமே குறைந்துவிடும். சாக்கடையோரம் தூவவும் அதே மூட்டையிலிருந்துதான் எடுப்பார்கள். "ஏன் இவ்வளவு?" என்று கேளுங்கள். "எங்கே போச்சு?" என்று ஆரம்பிக்காதீர்கள். முதல் கேள்விக்குக் கணக்கு வரும், இரண்டாவதற்குச் சண்டைதான் வரும்.

போட்ட குளோரின் வீடு வரை வந்து சேர்கிறதா என்று பார்க்கக் குளோரோஸ்கோப் என்ற சின்னக் கருவி உண்டு. ஊராட்சியில் இருக்க வேண்டியது அது. கண்ணாடிக் குழலில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து மருந்தைச் சில சொட்டுகள் விட்டால் தண்ணீர் மஞ்சளாகும். பக்கத்தில் உள்ள நிற அளவோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கடைக்கோடி வீட்டில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் காட்ட வேண்டும். தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் சோதித்துவிட்டுத் திருப்தி அடைவதில் பயனில்லை. நிறமே மாறாத குழல் ஒன்றைக் கடைக்கோடி வீட்டு அம்மா கையில் பிடித்துப் பார்த்துவிட்டால், அடுத்த கிராம சபையில் அவரை யாரும் உட்காரச் சொல்ல முடியாது.

தொட்டி ஆபரேட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. சொற்பச் சம்பளத்துக்கு விடியற்காலையில் மோட்டார் போடுகிறவர் அவர். ஊரில் எது நடந்தாலும் முதல் வசவு அவருக்குத்தான். ஆனால் பவுடர் வாங்கித் தராதது அவர் குற்றமல்ல, எரிந்த மோட்டாரைக் கட்டத் தாமதிப்பதும் அவர் அல்ல. அவரிடம் மரியாதையாகப் பேசுங்கள். "அண்ணே, நேத்து எத்தனை மணிக்கு மோட்டார் போட்டீங்க? கரன்ட் எப்ப வந்துச்சு?" என்று தினமும் கேட்கும் ஒருவருக்கு அவர் சொல்லும் விவரம், எந்தப் பதிவேட்டிலும் இல்லாத விவரமாக இருக்கும். கண்காணிப்பு கடைநிலை ஊழியரோடு நின்றுவிட்டால் அது கண்காணிப்பே அல்ல.

இன்னொன்றையும் நேராகச் சொல்ல வேண்டும். ஊருக்கு ஒரு தொட்டி, காலனிக்கு ஒரு தொட்டி என்று இருக்கும் ஊர்களில் இரண்டு நோட்டு போடுங்கள். குடம் நிரம்பும் நேரம், கழுவிய தேதி, குளோரின் நிறம் எல்லாம் இரண்டிலும் தனித்தனியாக இருக்கட்டும். பிறகு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கிராம சபையில் வாசியுங்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலம் கலக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாமல் போன பிறகுதான் தொட்டியில் ஏறிப் பார்த்தார்கள். தொட்டியின் மூடிக்குப் பூட்டு இருக்கிறதா, சாவி யாரிடம், ஏணி யாரும் ஏறும்படி கிடக்கிறதா என்பதெல்லாம் அந்த நாளுக்குப் பிறகு சின்ன விஷயங்களாக இருக்க முடியாது. ஒவ்வொரு தொட்டிக்கும் இந்த மூன்றும் உங்கள் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும்.

தெருவிளக்கு

விளக்கு எரியவில்லை என்பது எல்லோருக்கும் தெரிகிற குறை. பகலில் எரிகிறது என்பது யாரும் கேட்காத குறை. இரண்டுக்கும் ஊராட்சிப் பணம்தான் போகிறது.

ஓர் இரவு எட்டு மணிக்கு இரண்டு பேராக நடந்து, ஒவ்வொரு கம்பத்தின் எண்ணையும் எழுதி, எரிகிறது எரியவில்லை என்று பக்கத்தில் குறியுங்கள். எண் இல்லாத கம்பத்துக்கு "மாரியம்மன் கோயில் எதிரில்" என்று எழுதினால் போதும். அடுத்து மின் கட்டணம். 40 விளக்குகள், ஒவ்வொன்றும் 20 வாட் எல்.இ.டி., இரவு 12 மணி நேரம் என்றால் ஒரு நாளைக்கு 9.6 யூனிட். இரண்டு மாதத்துக்கு 576 யூனிட் வரும். பில்லில் 1,200 என்று இருந்தால் காரணம் மூன்றில் ஒன்று: பகலிலும் எரிகிறது, அல்லது அந்த இணைப்பிலிருந்து வேறு யாரோ மின்சாரம் எடுக்கிறார்கள், அல்லது மீட்டர் சரியில்லை. மூன்றுமே சரிசெய்யக்கூடியவை. சுவிட்ச் போட்டு அணைக்கும் பொறுப்பு யாருக்கு என்று பெயர் சொல்லித் தீர்மானம் போட்டாலே பல ஊர்களில் பாதிப் பிரச்சினை தீரும்.

மின் கட்டணத்தை ஒழுங்காகப் பார்ப்பது எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி நல்ல சாட்சி. ஆர். சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், ஏறிக்கொண்டே போன மின்செலவைக் குறைக்க வழி தேடி, 2006-ல் ஊராட்சியே சொந்தமாக 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை நிறுவியது. எல்லா ஊரும் காற்றாலை வைக்க வேண்டியதில்லை. ஆனால் பில்லை மாதாமாதம் பார்த்துக் கவலைப்பட்ட ஒரு தலைமைதான் அந்த இடத்துக்குப் போக முடிந்தது.

சாலை, கட்டட வேலைகள்

சிமென்ட் சாலை போட்ட பிறகு கேள்வி கேட்பது கடினம், போடும்போது கேட்பது எளிது. வேலை நடக்கும் இடத்தில் தகவல் பலகை வைக்க வேண்டும். வேலையின் பெயர், திட்டம், மதிப்பீடு எல்லாம் அதில் இருக்கும். நீளம், அகலம், கனம் மூன்றையும் மதிப்பீட்டிலிருந்து குறித்துக்கொள்ளுங்கள். 100 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 15 சென்டிமீட்டர் கனம் என்றால் 45 கன மீட்டர் கான்கிரீட். கனம் 10 சென்டிமீட்டராகக் குறைந்தால் 30 கன மீட்டர்தான். மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடுகிறது. மேலே நின்று பார்த்தால் இரண்டு சாலையும் ஒரே மாதிரிதான் இருக்கும். பலகை அடித்து ஜல்லி கொட்டும் அன்றைக்கு, ஓரத்தில் ஒரு ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தேதியோடு கூடிய அந்த ஒரு படம், பின்னால் எழுதும் பத்து மனுவுக்குச் சமம்.

ஓவர்சியர் அளந்து எழுதுவது எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகம். அதைப் பார்க்கக் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005, பிரிவு 2(j) நகல் வாங்கும் உரிமையோடு நின்றுவிடவில்லை. வேலையையும் ஆவணத்தையும் நேரில் ஆய்வு செய்யவும், பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை தருகிறது. மனுவுக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. மனுவில் "அனைத்து விவரங்களும்" என்று எழுதாதீர்கள். ஒரே ஒரு வேலை, அதன் மதிப்பீடு, அளவுப் புத்தகப் பக்கம், பில் என்று குறிப்பாகக் கேளுங்கள்.

இந்தச் சட்டத்துக்குப் பின்னால் இருப்பதும் ஊர்க் கூட்டம்தான். 1994-ல் ராஜஸ்தானின் பாலி மாவட்டத்தில் கோட் கிரானா என்ற கிராமத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற அமைப்பு, அரசு வேலைகளின் கணக்கை ஊரைக் கூட்டி வாசித்தது. இப்படி வாசிக்கும் கூட்டங்கள் அடுத்தடுத்து நடந்தன. காகிதத்தில் இருந்ததும் ஊர் கண்ணால் கண்டதும் ஒன்றாக இல்லை என்பது எல்லோர் முன்னிலையிலும் வெளிப்பட்டது. அந்த இயக்கம் வளர்ந்துதான் 2005 சட்டம் வந்தது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17-வது பிரிவு சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில் கொடுத்ததும் அதே வழியில்தான். கணக்கை உரக்க வாசிப்பது மிகப் பழைய, மிக வலிமையான வழி.

கிராம சபை நாள்

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாட்களோடு, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்து ஆறு கூட்டங்கள். குறைந்தபட்ச வருகை எவ்வளவு என்று தெரிந்துகொண்டு போங்கள்: மக்கள்தொகை 500 வரை இருந்தால் 50 பேர், 501 முதல் 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். பல ஊர்களில் இந்த எண்ணிக்கை கையெழுத்துப் பதிவேட்டில்தான் நிறைகிறது, பந்தலில் நிறைவதில்லை. வாசலில் நோட்டை நீட்டும்போதே கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவர், தான் கேட்காத தீர்மானத்துக்கும் சேர்த்துத்தான் கையெழுத்துப் போடுகிறார். உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஊராட்சியின் வரவு செலவு அன்று வாசிக்கப்பட வேண்டும். அதன் சுருக்கத்தை ஃபிளெக்ஸ் பலகையில் எழுதி வைப்பார்கள். பந்தலின் மூலையில் யாரும் படிக்காமல் தொங்கும் அந்தப் பலகையைக் கூட்டம் தொடங்கும் முன்பே படம் எடுத்துவிடுங்கள். "குடிநீர்ப் பராமரிப்பு" என்ற ஒரே வரியில் பெரிய தொகை இருந்தால் அதைப் பிரித்துச் சொல்லக் கேளுங்கள்: மோட்டார் பழுது எத்தனை தடவை, எந்த மோட்டார், எவ்வளவு? 15-வது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு ஒதுக்கிய மானியத்தில் 60 விழுக்காடு குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டுமே செலவிட வேண்டியது, இரண்டுக்கும் பாதிப் பாதியாக. அந்த ஆண்டுகளில் சாக்கடை வாராத ஊரில் சுகாதாரப் பங்கு எங்கே செலவானது என்று கேட்பது நியாயமான கேள்வி. இ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் உங்கள் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தால் செலவு விவரங்களைப் பார்க்கலாம். ஊரில் கல்லூரி போகும் பிள்ளை ஒன்று இருந்தால் அரை மணி நேர வேலை.

ஒருவர் ஒரு கேள்விதான் கேட்க வேண்டும். ஒரே ஆள் எழுந்து எட்டுக் குறை சொன்னால், அவர் "எப்பவும் தகராறு பண்றவர்" ஆகிவிடுகிறார், எட்டும் போய்விடும். எட்டுப் பேர் எட்டுக் கேள்வியை எழுதி வைத்துக்கொண்டு கேட்டால் எட்டுக்கும் பதில் வந்தாக வேண்டும். தலைவர் எதிரியல்ல. பல ஊர்களில் தலைவராக இருப்பவர் முதல் தடவை அந்த நாற்காலியில் உட்கார்ந்த பெண். செயலர் எழுதிக் கொடுத்ததை வாசிக்கும் நிலையில் இருப்பார். நீங்கள் கேட்கும் தெளிவான கேள்வி, அவர் செயலரையும் ஒப்பந்தக்காரரையும் கேட்க வேண்டிய கேள்விக்கு ஊரின் பலத்தைச் சேர்க்கிறது. பணம் எடுக்கத் தலைவரோடு துணைத் தலைவரும் சேர்ந்துதான் ஒப்புதல் தர வேண்டும் என்பதால், துணைத் தலைவரையும் அதே கேள்விக்குப் பதில் சொல்லும்படி கேளுங்கள்.

பள்ளி, ரேஷன் கடை, ஆரம்ப சுகாதார நிலையம் போன்றவை ஊராட்சியின் நேரடிப் பொறுப்பில் இல்லை. ஆனாலும் அவற்றைப் பற்றித் தீர்மானம் போடலாம், துறை அலுவலரிடம் விளக்கம் கேட்கலாம்.

எல்லாவற்றிலும் முக்கியமானது தீர்மானப் புத்தகம். முன்கூட்டியே தட்டச்சு செய்து வந்த தீர்மானங்களோடு கூட்டம் முடிந்துவிடக் கூடாது. "நான் கேட்டதும் அதுக்குச் சொன்ன பதிலும் தீர்மானத்துல ஏறணும், எழுதி வாசிங்க" என்று சொல்லுங்கள். ஒன்றியத்திலிருந்து வந்திருக்கும் பற்றாளர் முன்னிலையில் சொல்லுங்கள். "சரிசெய்யப்படும்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். எந்தத் தேதிக்குள், யார் பொறுப்பு என்ற இரண்டும் அந்த வரியில் இருக்க வேண்டும்.

மன்றம் இல்லாத காலம்

2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களின் ஊராட்சிப் பிரதிநிதிகளுடைய பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தது. அங்கே தனி அலுவலர்கள் பொறுப்புக்கு வந்தார்கள். 2016 முதல் 2019 வரையிலும் தமிழ்நாடு முழுக்க இதே நிலைதான் இருந்தது. வார்டு உறுப்பினர் இல்லை, தலைவர் இல்லை, பல ஊராட்சிகளுக்குச் சேர்த்து ஒரே அலுவலர். விளக்கு எரியாத தெருவுக்கு அவர் வந்து பார்க்க நேரம் இருக்காது.

இந்தக் காலத்தில் மக்கள், கேட்க யாரும் இல்லை என்று கைவிட்டுவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வருத்தம் தரும் விஷயம் இது. மன்றத்தின் பதவிக்காலம் முடியும், கிராம சபைக்கு முடிவு தேதியே கிடையாது. வாக்காளர் இருக்கும்வரை அது இருக்கிறது. தேர்ந்தெடுத்த கண்கள் இல்லாத காலத்தில்தான் ஊரின் நோட்டு இன்னும் அவசியம். முன்பு உறுப்பினராக இருந்தவர்கள், தோற்றவர்கள், சுயஉதவிக் குழுப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து வார்டுக்கு ஒருவர் என்று பிரித்துக்கொண்டு, தண்ணீர் நோட்டையும் விளக்கு நோட்டையும் நிறுத்தாமல் எழுத வேண்டும்.

கூட்டத்துக்குப் பிறகு

ஒரு வாரத்துக்குள் தீர்மான நகலைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். கொடுக்கும் கடிதத்துக்கு ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். சொன்ன தேதி கடந்தால், நகலையும் உங்கள் நோட்டுப் பக்கத்தையும் இணைத்து வட்டார வளர்ச்சி அலுவலருக்கு (கிராம ஊராட்சி) மனு. அங்கும் அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர் கூட்டம். அங்கே வெறும் குறையைச் சொல்லாதீர்கள். "இந்தத் தேதி கிராம சபையில், இந்த எண்ணுள்ள தீர்மானம் நிறைவேறவில்லை" என்று எழுதுங்கள். ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற முறையில் ஆட்சியர் முன் அந்த மனு நிற்கும்போது அதன் எடையே வேறு.

அடுத்த கிராம சபையின் பொருள் பட்டியல் வந்ததும் முதலில் ஒன்றைப் பாருங்கள்: போன கூட்டத் தீர்மானங்களின் மேல் எடுத்த நடவடிக்கை என்ற பொருள் அதில் இருக்கிறதா? இல்லையென்றால், கூட்டம் தொடங்கியதும் முதல் ஆளாக எழுந்து அதைச் சேர்க்கச் சொல்லுங்கள். அது வாசிக்கப்பட்ட பிறகு புதிய பொருளுக்குப் போகட்டும்.